பச்சைத் தண்ணீர்

அம்மாவின் எலும்பு மாத்திரையை ஒரு வருடத்துக்கும் மேலாகச் சாத்துக்குடிச் சாற்றோடு கொடுத்து வந்தேன். அப்படிக் கொடுக்கும்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானாகப் படித்தேன், நானாக முடிவு செய்தேன், நானே பிழிந்தும் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறவள் என்பதால் என் வீட்டில் மருந்து மாத்திரை விஷயமெல்லாம் என் பொறுப்பு. அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்தாலும் "அம்மாவுக்கு என்ன கொடுக்கணும்னு நீயே பாத்துக்கோ" என்பான். எனக்கும் அது பிடித்திருந்தது.

எழுபது வயதைத் தாண்டிய சமயத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றினாள். அவ்வளவுதான் நடந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "நின்ன இடத்துல இருந்து விழுந்ததுக்கே எலும்பு முறியுதுன்னா ஸ்கேன் எடுத்துப் பாத்துரணும்" என்றார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். இளம் வயதுப் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு ஒரு எண் தருவார்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அம்மாவுக்கு இடுப்பெலும்பில் மைனஸ் 2.9.

டாக்டர் எழுதித் தந்தது அலென்ட்ரோனேட், 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு மாத்திரை. கூடவே கால்சியமும் வைட்டமின் டி-யும். ஒரு வகைச் செல் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டும், இன்னொரு வகை புதிய எலும்பைக் கட்டிக்கொண்டும் இருப்பது நம் ஆயுள் முழுக்க நடக்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கரைக்கிற பக்கம் கை ஓங்கிவிடுகிறது. அலென்ட்ரோனேட் எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு, கரைக்க வரும் செல்லைச் செயலிழக்க வைக்கிறது. இதை அம்மாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு நான் போகவில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் போனார்கள். இது பின்னால் வருகிறது.

அந்த நாட்களில்தான் எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பிறந்தது தென்காசிப் பக்கம். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையும், வெயிலில் காயும் நார்த்தங்காயும், கிடாரங்காய் ஊறுகாயும் எங்களுக்குச் சாதாரணம். அந்தப் பழங்களுக்குள் எலும்புக்கு நல்லது செய்யும் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும், பழகிய வீட்டில் புதையல் கிடைத்தது போலிருந்தது.

ஹெஸ்பெரிடின் என்பது அதன் பெயர். தாவரங்கள் உண்டாக்கும் ஃப்ளேவனாய்டுகளில் ஒன்று. 1828-லேயே லெப்ரெத்தோன் என்கிற பிரெஞ்சுக்காரர் ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளைப் பகுதியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார். நாம் உரித்து எறிகிற அந்தப் பஞ்சு போன்ற வெள்ளையிலும், சுளையைச் சுற்றியிருக்கிற சவ்விலும்தான் அது அதிகம். நம் சாத்துக்குடியும் தோட்டக்கலைக் கணக்கில் ஒரு இனிப்பு ஆரஞ்சு ரகம்தான், அதனால் அதிலும் உண்டு. பம்பளிமாஸிலும் கிரேப்ஃப்ரூட்டிலும் இருக்கும் கசப்புக்குக் காரணம் நரிஞ்சின் என்கிற அதன் உறவுக்காரப் பொருள்.

என்னைக் கட்டிப்போட்டது 2003-ல் ஜப்பானியர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு. சுண்டெலிகளின் சினைப்பைகளை அகற்றிவிட்டார்கள். மாதவிடாய் நின்ற உடலின் நிலையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க இதுதான் வழக்கமான வழி. சினைப்பை போனதும் எலும்பு வேகமாகத் தேயும். அந்த எலிகளில் ஒரு பிரிவுக்கு, தீனியில் 0.5 விழுக்காடு ஹெஸ்பெரிடின் கலந்து நான்கு வாரம் கொடுத்தார்கள். அவற்றின் தொடையெலும்பு அப்படித் தேயவில்லை. எலும்பைக் கரைக்கும் செல்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. கருப்பையின் எடையிலோ மாற்றமே இல்லை. அதாவது ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடாமலே எலும்பைக் காப்பாற்றியிருக்கிறது. 2008-ல் பிரான்சில் பெரிய எலிகளில் செய்த ஆய்விலும் இதே திசையில் முடிவு வந்தது. இரண்டையும் அச்செடுத்து, அடிக்கோடிட்டுப் படித்தேன்.

நரிஞ்சினையும் விடவில்லை. சீன மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குக் கொடுக்கிற ஒரு பெரணிக் கிழங்கில் நரிஞ்சின் இருக்கிறது. டிரைனேரியா என்பது அதன் பேரினம். கொல்லிமலையில் மூட்டுவலிக்கு சூப் வைத்துத் தருகிறார்களே, அந்த முடவாட்டுக்கால் கிழங்கும் அதே பேரினம்தான். சீனாவில் ஒரு மலையும் நாமக்கல் பக்கம் ஒரு மலையும் ஒரே குடும்பத்துப் பெரணியை எலும்புக்காகத் தோண்டியெடுத்திருக்கின்றன என்பதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போதும் அது எனக்கு ஆச்சரியம்தான். அந்த ஆச்சரியத்தில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன், அங்கேதான் வந்தது வினை.

அம்மாவுக்குக் காலையில் வெறும் தண்ணீர் குடித்தால் குமட்டும். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போடும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு, மடக்கு மடக்காக விழுங்குவாள். அதைப் பார்த்த ஒரு ஞாயிறு நான்தான் சொன்னேன், "சாறு பிழிஞ்சு தாரேன், அதுல போடு. மாத்திரையும் உள்ள போகும், அதுவும் எலும்புக்குத்தான் நல்லது." கடையில் தருவது போல வடிகட்டவில்லை. மேல்தோலை மட்டும் மெல்லச் சீவிவிட்டு, வெள்ளைப் பகுதியோடு மிக்ஸியில் அடித்தேன். ஹெஸ்பெரிடின் அங்கேதானே இருக்கிறது. கெட்டியாக, கொஞ்சம் கசப்பாக இருந்தது. அம்மா டம்ளரைக் கையில் வாங்கியதும் ஒரு கணம் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. கசப்பைப் பற்றி என்று நினைத்து, "கசப்புலதான் சத்து இருக்கு" என்றேன். குடித்துவிட்டாள்.

அதன்பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. சீசன் இல்லாத மாதங்களில் விலை ஏறினாலும் சாத்துக்குடி வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் பேச்சு வந்தபோதெல்லாம் ஹெஸ்பெரிடினைப் பற்றிச் சொன்னேன். சக ஆசிரியை ஒருவர் தன் மாமியாருக்கும் இதே மாத்திரை என்றார். "அப்ப சாத்துக்குடியோட குடுங்க டீச்சர், வெள்ளையை எடுத்துராதீங்க" என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து அம்மா ஒருநாள், "சேலையெல்லாம் நீளமா இருக்கு, கொசுவம் தரையில இழுபடுது" என்றாள். கஞ்சி போட்டதில் விறைப்பாக நிற்கிறது போல என்று நினைத்து நான் கவனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொன்னேன். பிறகு அரிசிப் பையை நகர்த்தக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் தைலம் தேய்த்தோம். வலி குறையவில்லை. எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் ஒரு கட்டை முன்பக்கம் அமுங்கி, ஆப்பு வடிவத்தில் இருந்தது. சேலை நீளவில்லை. அம்மாதான் குட்டையாகியிருக்கிறாள்.

மறுபடி டெக்ஸா எடுத்தார்கள். மைனஸ் 3.2.

அந்த அறையில் நடந்ததை எழுத வேண்டும். டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்கும் முன் நான் பதில் சொன்னேன். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை, அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன், கால்சியத்தை வேறு நேரத்தில்தான் கொடுக்கிறேன், வெறும் வயிற்றில்தான். எல்லாம் உண்மை. சொல்லச் சொல்ல எனக்கே என் ஒழுங்கு பெருமையாக இருந்தது.

அவர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா. ஞாயித்துக்கிழமை எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க. எப்படிப் போடுவீங்க?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், எங்கே என்று அப்போது நினைவுக்கு வரவில்லை. "பல்லு வெளக்குவேன். பிள்ள சாறு அடிச்சுத் தரும். அதுல போட்டு முழுங்கிட்டு, அரை மணி நேரம் படுக்காம உக்காந்திருப்பேன்" என்றாள்.

"என்ன சாறு?"

"சாத்துக்குடி."

டாக்டர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "ரொம்ப நாளாவா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அந்த 'ஆமாம்' சொல்லும்போதே எனக்குக் காது சூடாகத் தொடங்கிவிட்டது. என்ன தப்பு என்று இன்னும் தெரியாது. ஆனால் தப்பு என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வைட்டமின் சி, ஹெஸ்பெரிடின், ஜப்பானிய ஆய்வு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பாதியில் நானே நிறுத்திக்கொண்டேன்.

அவர் விளக்கியது இதுதான். அலென்ட்ரோனேட் குடலில் ஏறுவதற்கு மிகவும் கஷ்டப்படுகிற மருந்து. வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில், சரியாகப் போட்டாலும் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. 0.7 விழுக்காட்டுக்குள்தான். 70 மில்லிகிராம் விழுங்கினால் அரை மில்லிகிராம்கூட உள்ளே போவதில்லை. அந்தத் துளி போதும், எலும்பில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். அதோடு காபியோ ஆரஞ்சுச் சாறோ குடித்தால் அந்தத் துளியிலும் சுமார் 60 விழுக்காடு போய்விடுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டோடு போட்டால் சேருவது இல்லையென்றே சொல்லலாம். நான் கொடுத்தது வெறும் சாறுகூட அல்ல, சக்கையோடு அடித்த கெட்டிக் கூழ், கிட்டத்தட்ட ஒரு சாப்பாடு.

"அந்தச் சாறைச் சாயங்காலம் குடிச்சிருந்தா ஒண்ணுமே இல்ல" என்றார் டாக்டர். திட்டவில்லை. முதுகெலும்பு அமுங்கியதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். "அப்படி உறுதியா சொல்ல முடியாது. மாத்திரையைச் சரியாப் போட்டும் முறியுறவங்க இருக்காங்க" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்லியிருப்பார். அந்த வாக்கியத்தைத்தான் இன்றுவரை என்னால் எந்தப் பக்கமும் வைக்க முடியவில்லை. அது நடந்தே தீர்ந்திருக்குமா, நான் தடுத்திருக்க முடியுமா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆட்டோவில் வரும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அம்மா, "அந்த மெடிக்கல் பையன் சொல்லத்தான் செஞ்சான்" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"பச்சத் தண்ணியிலதான் போடணும், காபி டீ ஜூஸ் எதுலயும் போடக் கூடாதும்மான்னான். ரெண்டு தடவை சொன்னான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எதுவும் இல்லை. என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, சொல்லாமல் வைத்திருந்தது பாரமாக இருந்திருக்க வேண்டும்.

"பிறகு ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ படிச்சவ. காரணம் இல்லாமலா சொல்லுவே? அந்தப் பையனுக்கு என்ன தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ அவ்வளவு ஆசையா அடிச்சுத் தந்தே" என்றும் சொன்னாள்.

அப்போதுதான் அந்தப் பார்வை எங்கே பார்த்தது என்று நினைவுக்கு வந்தது. முதல் ஞாயிறு, டம்ளரைக் கையில் வாங்கிய அந்தக் கணம். அவள் சொல்ல வந்தது கசப்பைப் பற்றி இல்லை. அவளுக்குச் சரியான விஷயம் தெரிந்திருந்தது. அதிகம் படித்திராத அவளிடம் இருந்த சரியான தகவலை, படித்த என் முகத்தைப் பார்த்து அவள் விழுங்கியிருக்கிறாள். அதுவும் ஒவ்வொரு வாரமும். என் வகுப்பில் கேள்வி கேட்க எழுந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று அந்த ஆட்டோவில் நினைத்தேன். அந்த நினைப்பு பிறகு என்னை விடவே இல்லை.

அன்றிரவு அச்செடுத்து வைத்திருந்த தாள்களை மறுபடி எடுத்தேன். எதுவும் பொய் இல்லை. சுண்டெலிகளுக்கு நடந்தது நடந்ததுதான். ஆனால் நான் அடிக்கோடு போடாத இடங்கள் இருந்தன. தீனியில் 0.5 விழுக்காடு என்பதைப் படித்த நான், அது ஒரு மனுஷிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டதே இல்லை. மனிதர் ஒருநாள் சாப்பிடுவதை நீர் நீக்கி எடை போட்டால் நானூறு ஐந்நூறு கிராம் வரும். அதில் 0.5 விழுக்காடு என்றால் 2 முதல் 2.5 கிராம். ஒரு லிட்டர் ஆரஞ்சுச் சாற்றில் இருப்பதோ 200 முதல் 600 மில்லிகிராம். ஒரு டம்ளர் சாற்றில் 100 மில்லிகிராம் இருந்தால் பெரிய விஷயம். வெள்ளைப் பகுதியைச் சேர்த்ததில் கூடியிருக்கும்தான். ஆனாலும் எலி தினமும் தின்றதை, நான் வாரம் ஒருநாள் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது.

ஹெஸ்பெரிடின் விழுங்கியதும் ரத்தத்துக்குப் போய்விடுவதும் இல்லை. அதோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையைச் சிறுகுடலால் வெட்ட முடியாது. பெருங்குடல் வரை போய், அங்கே வாழும் பாக்டீரியாக்கள் வெட்டிக் கொடுத்த பிறகுதான் உடம்பு அதை எடுத்துக்கொள்கிறது. குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தே ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். யார் குடலில் என்ன பாக்டீரியா இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு நிறையச் சேரும், ஒருவருக்குக் கொஞ்சமே சேரும். மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. மதியமோ மாலையோ கொடுத்திருந்தாலும் ஹெஸ்பெரிடின் அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

மனிதரில் செய்த ஆய்வையும் அப்போதுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்டது. மாதவிடாய் நின்ற 12 பெண்கள். அவர்கள் எலும்பில் கால்சியம்-41 என்கிற அரிய ஐசோடோப்பைச் சேர வைத்து, அது சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்து, எலும்பு கால்சியத்தை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்று கணக்கிட்டார்கள். மிக நுணுக்கமான முறை. ஹெஸ்பெரிடினை ஒரு கால்சியம் துணையுணவோடு சேர்த்துக் கொடுத்தபோது எலும்பில் தங்கிய கால்சியம் 5.5 விழுக்காடு கூடியது. ஹெஸ்பெரிடினைத் தனியாகக் கொடுத்தபோது வித்தியாசம் தெரியவில்லை. நம்பிக்கை தருகிற முடிவுதான், மேலும் ஆராய வேண்டிய முடிவும்கூட. ஆனால் அம்மாவுக்கு முறிவைத் தடுக்கும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

நான் கெடுத்த மாத்திரையின் பக்கம் என்ன இருந்தது என்றும் பார்த்தேன். 1996-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு. ஏற்கெனவே முதுகெலும்பு அமுங்கியிருந்த 2027 பெண்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 விழுக்காட்டினருக்குப் புதிதாக முதுகெலும்பு அமுங்கியது. அலென்ட்ரோனேட் சாப்பிட்டவர்களில் 8 விழுக்காடு. இவ்வளவு பேர் தங்கள் உடம்பைக் கொடுத்து நிரூபித்த ஒன்றை, எலியின் தொடையெலும்பைக் காட்டி நான் பாதிக்கு மேல் வீணடித்திருக்கிறேன்.

எலுமிச்சைக் குடும்பத்தின் மேல் மயங்கியது நான் மட்டுமல்ல என்பதும் அந்த வாசிப்பில் தெரிந்தது. வைட்டமின் சி-யைக் கண்டெடுத்ததில் பெரும்பங்கு கொண்ட ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, 1936-ல் இந்தப் பழங்களின் ஃப்ளேவனாய்டுகளுக்கு வைட்டமின் பி என்று பெயர் வைத்தார். பி-காம்ப்ளெக்ஸில் வரும் ஆங்கில B அல்ல, P. மறு வருடம் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த வைட்டமின் நிலைக்கவில்லை. இல்லாவிட்டால் உடம்பு நோயில் விழும் என்பதை நிரூபிக்க முடியாமல், 1950-களில் அந்தப் பெயரையே விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றைப் படித்தபோது பயந்தே போனேன். கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார். மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். மாத்திரையின் அளவு ரத்தத்தில் எதிர்பாராத அளவுக்கு ஏறியது. காரணம் மது இல்லை, சாறு. 1991-ல் அது லான்செட்டில் வந்தது. முதலில் நரிஞ்சினைச் சந்தேகித்தார்கள். பிறகு அந்தப் பழத்தில் இருக்கும் ஃப்யூரனோகூமரின்கள் என்று கண்டார்கள். குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அவை முடக்கிவிடுகின்றன. பம்பளிமாஸிலும் அவை உண்டு. கொழுப்பு குறைக்கும் மாத்திரைகள் சிலவும் இதில் மாட்டும். அப்பா இருந்தபோது அந்த மாத்திரை சாப்பிட்டவர். எங்கள் கொல்லையில் பம்பளிமாஸ் மரம் இருந்திருந்தால் அவருக்கும் நான் சுளை உரித்துக் கொடுத்திருப்பேன், நல்லது என்று சொல்லித்தான்.

மறுநாள் காலை, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் அந்தச் சக ஆசிரியையைத் தேடிப் போனேன். மாமியாருக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்க எழுதிக் குடுத்த மாதிரிதான் டீச்சர். ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியே வச்சிருக்கோம்" என்றார். இருவருமாக அங்கேயே நின்றுகொண்டு விவரமெல்லாம் பேசினோம். அவர் முகம் மாறியது. அதிகம் பேசவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், அந்தத் தாளை நானே கிழித்துவிட்டு, அவர் மாமியாரிடம் நேரில் சொன்னேன். டாக்டரைப் பார்த்து ஒருமுறை ஸ்கேன் எடுத்துவிடும்படியும் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மா காபி கொடுத்தார். மருமகள் அறைக்குள்ளேயே இருந்தார். இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம், முன்பு போல இல்லை.

அம்மாவுக்கு டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிற ஜோலிட்ரானிக் அமிலம் என்ற ஊசிக்கு மாற்றினார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, வைட்டமின் டி போதுமா என்று பார்த்த பிறகு ஏற்றினார்கள். முதுகுக்குப் பெல்ட், நடைப்பயிற்சி, கால்சியம், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வீட்டில் கேழ்வரகுக் கூழும் உண்டு. சாத்துக்குடியும் உண்டு, மதியம் மூன்று மணிக்கு மேல். வெள்ளையை அதிகம் சீவாமல் சுளையாகத்தான் தின்கிறோம், அம்மா அப்படித்தான் கேட்கிறாள். ஹெஸ்பெரிடின் எலும்புக்கு என்ன செய்கிறது என்கிற ஆய்வுகளை இப்போதும் தேடிப் படிக்கிறேன். மனிதரில், நிறையப் பேரில், நீண்ட நாள் பார்த்த முடிவு வரும்வரை எனக்கு அது பழம்.

முதல் ஊசி போட்ட அன்று நர்ஸ் வந்து, நான்தான் மகள் என்று தெரிந்துகொண்டு, என்னிடம் விவரம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா படுக்கையிலிருந்தே, "எங்கிட்ட சொல்லு தாயி, எனக்குத்தான ஊசி" என்றாள். நர்ஸ் அவள் பக்கம் திரும்பி, முன்னாலும் பின்னாலும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் காய்ச்சல் போல் உடம்பு வலிக்கலாம், பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம் என்றார். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். கடைசியில், "பாரசிட்டமால பச்சத் தண்ணியிலதான போடணும்?" என்று கேட்டாள்.

"அதை எதுல வேணா போடலாம் பாட்டி" என்றார் நர்ஸ்.

"சரி. நான் தண்ணியிலயே போட்டுக்கிடுதேன்" என்றாள் அம்மா.